சபூரா சொன்ன நிறம்

திருச்சியில் ஏலம் எடுத்த லேத்து
புதுவயலுக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொன்று.
நாலரை அடி பெட்டு, எழுநூறு கிலோ.
அரிசி மில் சுவருக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு;
ஆத்தங்குடிக் கல்லெல்லாம் கிடையாது,
வெறும் சிமெண்டுத் தரை.
அதையும் உடைத்துத்தான் போல்ட்டு புதைத்தேன்.
வீட்டுக்காரர் நாச்சியப்பன் சென்னையிலிருந்து
போனில் கத்தி ஓய்ந்தார்.

மட்டம் வைத்தால்
முன்காலில் குமிழ் வலப்பக்கம் ஓடுகிறது,
பின்காலில் இடப்பக்கம்.
ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்தவன்
பாதியில் மறந்துபோன மாதிரி
இரும்புக்குள் ஒரு முறுக்கு.
தகரத் துண்டு சொருகினேன், அதிகம்.
எடுத்தேன், குறைவு.
கடைசியில் அங்கே போய்ப் படுத்துக்கொண்டது
என் சவர பிளேடில் பாதி.
சோதனைக்குக் கடைந்த உருளை
இரண்டு முனையிலும் ஒரே அளவு காட்டிய வெள்ளிக்கிழமை
தாடியோடு போனேன் ஜும்ஆவுக்கு.

மில்லில் சல்லடை ஆட்டும் பின் அது.
விரல் நீளம். மாதம் ஒன்று தேய்கிறது.
புதிதாக மூன்று கடைந்தேன்.
அரம் வைத்தால் அரம் தின்கிறது,
இன்னும் பச்சை இரும்பு.

இனிமேல்தான் என் சிக்கல்.
செர்ரிச் சிவப்பு வரும்வரை காய்ச்சு என்கிறார்கள்.
பேக்கரி பன்னில் ஒட்டியிருப்பதைத் தவிர
இந்த ஊரில் செர்ரியை யார் பார்த்தார்கள்?
நான் சிவப்பையே பார்த்ததில்லை.
ரயில்வே வேலைக்கான மருத்துவ அறையில்
புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணை
எனக்கு முன்னால் நின்றவன் படித்தான்,
பின்னால் நின்றவன் படித்தான்.
நான் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால் காந்தம்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றி, கம்பியில் கட்டியது.
ஒட்டுகிறது. ஒட்டுகிறது. ஒட்டுகிறது.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகிறது.
இன்னும் கொஞ்சம் ஊத வேண்டும்.
மேலே வைத்த கல்லுப்பு இளகி வழிந்தால் சரி.

முதல் பின்னைத் தண்ணீரில் விட்டேன்.
டிக்.
எண்ணெய் கேட்கும் இரும்புக்குத் தண்ணீர் காட்டியது தப்பு;
மேலிருந்து கீழ்வரை முடி மாதிரி விரிசல்.
இரண்டாவதைச் சாய்த்து விட்டேன், வளைந்தது.
மூன்றாவது செங்குத்தாக,
மில்லில் கேட்டு வாங்கிய தவிட்டு எண்ணெயில்.
பக்கென்று தீ. புகை. தெரு முழுக்கப் பஜ்ஜி வாசனை.
இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்து
ஏமாந்து போனார்கள்.
அரம் வழுக்கியது, கண்ணாடிமேல் போல.

கண்ணாடி என்றால் உடையும்.
ஆகவே மறுபடியும் சூடு, மணல் சட்டியில், மெதுவாக.
தேய்த்துப் பளபளப்பாக்கிய உடம்பில் நிறம் ஏறும்:
வைக்கோல், வெல்லம், கத்தரிப்பூ, நீலம்.
வரிசை எனக்கு மனப்பாடம்.
நிறங்கள்தான் பழக்கமில்லை.

சபூராவைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பினேன்.
சாயங்காலத்துக்குள் நாலு பிளவுஸ் என்று
முணுமுணுத்தபடி வந்து குனிந்தாள்.
"இப்போ சந்தனம்.
இப்போ அமீனா மச்சியோட பழைய பாவாடை.
இது தேங்கா நாரு... இருங்க, இருங்க.
ஓரத்துல கத்தரிப்பூ எட்டிப் பாக்குது,
எடுங்க, எடுங்கன்னா!"

எடுத்து எண்ணெயில் போட்டேன்.
துடைத்துப் பார்த்தால் எனக்கு அது சாம்பல்.
அவள் நூல்பெட்டியைத் துழாவி
ஒரு கண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்,
இன்னொன்றை வைத்துப் பார்த்தாள்,
அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து
சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினாள்: 214.
அடுத்த தடவை நூலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.
சொன்ன பிறகுதான் யோசித்தாள்.
சிரித்தோம்.

பின் மில்லில் ஓடுகிறது. எத்தனை மாதம் என்று
பார்க்க வேண்டும்.

நேற்று நல்ல மழை.
காலையில் மட்டம் வைத்தேன்,
குமிழ் ஒரு கோடு நகர்ந்திருக்கிறது.
இன்னொரு பிளேடு போகும்.
தாடி இருக்கட்டும்.